நாசிலில் ஒரு மணல்

பூச்சிமருந்து அடிக்கிறவர்களுக்கு என் அத்தை பரீட்சை வைக்கிறாள். அது என்ன பரீட்சை என்று கேட்காதவர்கள் குறைவு. அதனால் முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

தோட்டத்தில் மருந்து தெளிக்கிற யாருக்கும் இப்போது சான்றிதழ் வேண்டும். அதற்கு மூன்று நாள் வகுப்பு, நான்காம் நாள் செய்முறை. வகுப்பு ஒரு பழைய கிடங்கில் நடக்கும். தகரக் கூரை, பதினைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், சுவரில் வரிசையாக ஆணி அடித்து மாட்டிய கையுறைகள். செய்முறை அதன் பின்பக்கத் திடலில். டேங்கில் மருந்துக்குப் பதிலாக நீலச் சாயம் கலந்த தண்ணீர் இருக்கும். வெள்ளைச் சட்டை போட்டு, டேங்கை முதுகில் மாட்டி, இரண்டு வரிசைச் செடிக்கு அடித்துவிட்டு வரவேண்டும். வந்ததும் அத்தை ஆளைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள். நீலம் பட்ட இடமெல்லாம் மருந்து பட்ட இடம்.

“முதுகுல ஆறு ஓடுது பாருங்க. டேங்க் மூடிய உங்க மாமியார் வந்தா மூடுவாங்க?” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். மாட்டிக்கொண்டவரும் சிரிப்பார்.

இந்தப் பரீட்சையில் ஒரு விஷயம் மட்டும் விதிப் புத்தகத்தில் இல்லாதது, அத்தையே சேர்த்தது. யாருக்கும் தெரியாமல், மருந்து பீய்ச்சுகிற முனையான நாசிலுக்குள் ஒரு மணல் பருக்கையைப் போட்டுவிடுவாள். நாலு செடி தாண்டுவதற்குள் நாசில் அடைத்துக்கொள்ளும். அப்போது டேங்கின் அழுத்தத்தை இறக்கி, கையுறையோடு நாசிலைக் கழற்றி, பழைய பல் பிரஷால் தேய்த்து, தண்ணீரில் அலசவேண்டும். ஆனால் வருஷக்கணக்காக மருந்து அடித்தவர்களின் கை தானாக வாய்க்குத்தான் போகும். உதட்டில் வைத்து ஒரே ஊது. அடைப்பு போய்விடும், வேலையும் நிற்காது.

முதல் வருஷம் அத்தையிடம் தேறிய ஒருவர் அப்படி ஊதித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். திரும்பி வரவில்லை. எழுத்துத் தேர்வில் அவருக்குத்தான் அந்த முறை முதல் மதிப்பெண். மணல் அதற்குப் பிறகு வந்தது.

இனி சித்தப்பா. அவர் அத்தையின் தம்பி. அத்தை வீட்டின் முன்பக்க இரண்டு அறைகளில் சித்தியோடு இருக்கிறார். இருபத்திரண்டு வருஷம் ஒரே பழத்தோட்டத்தில் மருந்து அடித்தவர். அங்கே அவரைக் ‘காத்துக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காய்ந்த இலை ஒன்றைக் கசக்கி மேலே விட்டு, அது விழுகிற திசையைப் பார்த்துவிட்டு, “இன்னும் கால் மணி நேரம் பொறுங்க” என்பார். கால் மணி நேரத்தில் காற்று மாறிவிடும்.

சான்றிதழ் இல்லாதவர் டேங்கைத் தொடக்கூடாது என்று தோட்டத்தில் சொன்ன பிறகு அவரும் வகுப்புக்கு வந்தார். தம்பிக்கு வேறு யாராவது பரீட்சை வைக்கட்டும் என்று அத்தை அலுவலகத்தில் கேட்டுப் பார்த்தாள். வேறு ஆள் இல்லை என்றார்கள்.

நான்காம் நாள் நடந்ததை அத்தையும் சொல்லியிருக்கிறாள், சித்தப்பாவும் சொல்லியிருக்கிறார். இருவரும் சொல்வதில் ஒரு வார்த்தைகூட வித்தியாசம் இருக்காது.

“அக்கா பரீட்சை, தம்பி மாணவன். தூங்கிக்கிட்டே பாஸாயிடுவாரு” என்று ஒருவர் சொன்னார்.

“யோவ், இங்க அவங்க அக்கா இல்ல. மேடம்” என்றார் சித்தப்பா. பிறகு அத்தையைப் பார்த்துக் கைகட்டி நின்று, “ஆரம்பிக்கலாங்களா மேடம்?” என்றார்.

அத்தையின் கையில் மணல் இருந்தது. விதியில் இல்லாத மணல். அவள் போடாவிட்டால் கேட்பார் யாருமில்லை. போட்டாள்.

சித்தப்பா எல்லாவற்றையும் சரியாகச் செய்தார். இலையைக் கசக்கிக் காற்றைப் பார்த்தார். முகமூடியின் வாரை இழுத்துப் பார்த்தார். நாலாவது செடியில் நாசில் அடைத்தது. நாசிலைக் கழற்றினார், முகமூடியைக் கீழே இழுத்தார், ஊதினார். ஊதி முடித்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். அவர் உதடு நீலமாக இருந்தது. யாரும் சிரிக்கவில்லை.

“அக்கா, தெரியாம கை போயிடுச்சு” என்றார்.

“தெரியும்டா.”

“தெரியுமில்ல? அப்ப எழுதிடாத.”

தேறவில்லை என்று அத்தை எழுதினாள். மூன்று மாதம் கழித்து மறுபடி வரலாம் என்றும் எழுதினாள். சித்தப்பா அந்தத் தாளை வாங்காமலே போய்விட்டார்.

சாயம் போக இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் அவர் அறையை விட்டு வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு அத்தையோடு பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குழாய், ஒரே துணிக்கொடி. அத்தை வந்தால் அவர் எழுந்து போய்விடுவார். மூன்று மாதம் கழித்து சித்தி கெஞ்சிப் பார்த்தாள். “இருபத்திரண்டு வருஷம் அடிச்சவன், என் அக்கா முன்னாடி போய் இன்னொரு தடவை நிக்கணுமா? போடி” என்றார். வேறு ஒரு கிடங்கில் மூட்டை தூக்குகிறேன் என்று சொல்லித் தினமும் காலையில் கிளம்பிப் போவார்.

மருந்துத் துணியை வீட்டுத் துணியோடு சேர்க்கக்கூடாது என்று அத்தை பல வருஷத்துக்கு முன்பே சித்திக்கு ஒரு சிவப்பு வாளி வாங்கிக் கொடுத்திருந்தாள். சித்தப்பா தோட்ட வேலையிலிருந்து நின்ற பிறகு அந்த வாளி குளியலறை மூலையில் காய்ந்து கிடந்தது. ஒருநாள் காலையில் அத்தை பார்த்தபோது அதன் அடியில் ஈரம் இருந்தது. மூட்டை தூக்குகிறவருக்கு அந்த வாளி எதற்கு? சான்றிதழ் கேட்காத ஏதோ காய்கறித் தோட்டத்தில் அவர் மருந்து அடிக்கிறார் என்று அத்தைக்கு அப்போதே புரிந்துவிட்டது. முன்பக்க அறை வாசல் வரை போனாள். கேட்டால் சண்டை வரும், இருக்கிற கொஞ்ச உறவும் போய்விடும் என்று திரும்பி வந்துவிட்டாள்.

பிறகு பதினோரு நாள். இந்த எண்ணை அத்தை மறந்ததே இல்லை.

அந்தத் தோட்டத்தில் முகமூடி கிடையாது. டேங்க் ஒழுகும். நாசில் அடைத்துக்கொண்டே இருக்கும். பதினோராம் நாள் சித்தப்பா வரப்பில் விழுந்து கிடந்தார். வாயில் நுரை, உடம்பெல்லாம் வேர்வை. என்ன மருந்து என்று டாக்டர் கேட்டபோது யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. டப்பாவில் ஒட்டிய காகிதம் கிழிந்து போயிருந்தது.

உயிர் தப்பியது. கை தப்பவில்லை. எப்போதும் நடுங்குகிறது. தண்ணீர் டம்ளரை அவரால் பிடிக்க முடியாது, அத்தைதான் பிடித்துக் கொடுக்கிறாள். சட்டைப் பொத்தானும் அவள்தான் போட்டுவிடுகிறாள். இப்போது இருவரும் பேசுகிறார்கள். அன்றைய பரீட்சையைப் பற்றிக்கூடப் பேசுகிறார்கள். வாளியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அத்தை அந்த ஈரத்தைப் பார்த்தது சித்தப்பாவுக்குத் தெரியாது. எனக்கு மட்டும் ஒருநாள் துணி அலசிக்கொண்டே சொன்னாள். “மணல் போட்டது தப்பில்ல. அன்னிக்குக் கதவத் தட்டாததுதான்” என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை.

தப்பில்லை என்று சொன்னாலும் அவள் மணல் போடுவதை நிறுத்திவிட்டிருந்தாள். எப்படியோ அது சித்தப்பாவின் காதுக்கு எட்டியது.

“இப்பல்லாம் மணல் போடறதில்லையாமே?” என்றார், அத்தை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது.

“வேணாம்டா. பேசாம நில்லு.”

“எனக்குப் போட்டேல்ல. மத்தவனெல்லாம் உனக்கு என்ன, கூடப் பொறந்தவனா? அவனுக்கு மட்டும் சலுகையா?”

அத்தை பொத்தானை மாற்றிப் போட்டு, கழற்றி மறுபடி போட்டாள்.

அடுத்த செய்முறை நாளன்று காலையில் சித்தப்பா முற்றத்தில் குந்தி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு காலித் தீப்பெட்டி. மணலில் விரலை வைப்பார், விரல் ஆடும், மணல் உதிரும், மறுபடி வைப்பார். சித்தி உதவிக்கு வந்தபோது, “நீ பொடிசா எடுப்ப, அது அடைக்காது” என்று விரட்டிவிட்டார். அத்தை பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் தீப்பெட்டியை நீட்டினார். கையோடு சேர்ந்து அதுவும் ஆடியது.

“எத்தனை பேரு இன்னிக்கு?”

“ஒன்பது.”

“ஒன்பது இருக்கு. எண்ணித்தான் போட்டேன்.”

கிடங்குக்குப் போய்த் திறந்து பார்த்தபோது எட்டுதான் இருந்தது. ஒன்று அவர் விரலிலிருந்து வெளியே விழுந்திருக்க வேண்டும். அத்தை திடலில் குனிந்து ஒரு மணலைப் பொறுக்கி அதோடு சேர்த்தாள். சாயங்காலம் வந்து, ஒன்பதும் சரியாக இருந்தது என்று அவரிடம் சொன்னாள்.