எட்டு எனக்கு

என் அத்தை மகளை நான் ஒரே ஒருமுறைதான் ஜெயித்திருக்கிறேன். பெருமையடிக்காமல் அதை எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், பார்க்கலாம்.

நாலாம் வகுப்பில் கணக்கில் நான் கடைசியாக வந்த வருஷம். அந்த இடத்துக்குப் போட்டியே இருக்கவில்லை. மாமாவுக்குப் பம்பாயில் வேலை கிடைத்து, வீடு பார்த்துவிட்டு வந்து அழைத்துப்போவதாகச் சொல்லிப் போயிருந்தார். அதுவரை அத்தையும் மகளும் மானகிரியில் எங்கள் வீட்டில். கோடை விடுமுறை முழுக்க வெளியே வெயில், உள்ளே நாங்கள்.

அவள் என்னைவிட ஒரு வயது மூத்தவள். நாலு புளியங்கொட்டையை ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை வாசல்படியில் தேய்த்தாள். தாயம் ஆடினோம். தோற்றுத் தோற்று இரண்டே நாளில் எனக்கு அலுத்துவிட்டது. அதனால் புது ஆட்டம் கண்டுபிடித்தேன். ஆளுக்கொரு எண். கொட்டையை உருட்டியதும் எத்தனை வெள்ளை தெரிகிறதோ அதுதான் விழுந்த எண். நாலும் கறுப்பென்றால் எட்டு. யாருடைய எண் விழுகிறதோ அவர் காய் கூடத்துப் பூக்கல் தரையில் ஒரு கல் நகரும். பத்தாவது கல்லை முதலில் தொட்டவருக்கு வெற்றி.

"எட்டு எனக்கு" என்றேன். இருப்பதிலேயே பெரிய எண்ணை விடுவேனா?

"அப்ப ரெண்டு எனக்கு."

அவள் பத்தாவது கல்லில் நின்றபோது என் காய் கிளம்பவே இல்லை. சட்டத்தை மாற்றினேன்: எட்டு விழுந்தால் இரண்டு கல் தாண்டலாம். தோற்றேன். மூன்று கல். தோற்றேன். அவள் இடது கையால்தான் உருட்ட வேண்டும் என்றேன். அதற்கும் சரியென்றாள், அப்படியும் தோற்றேன். எண்ணை மட்டும் மாற்றவில்லை. அது மானப் பிரச்சினை.

ஒருநாள் அவள் தனியாக உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தாள். விழுந்ததையெல்லாம் எண்ணுக்கொரு வரிசையாகச் சுவரில் கரிக்கோடு போட்டாள். அத்தை அப்பாவிடம் ஓடினாள்.

"ஏண்ணே, உங்க மருமக சுவத்தை என்ன பண்ணி வச்சிருக்கான்னு பாத்தீகளா?"

"கணக்குத்தானே போடுது. இந்தப் பய அதுகூடப் போட மாட்டேங்கிறான்" என்று அப்பா என் தலையில் குட்டினார்.

அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். "டேய் மக்கு, எட்டு விழணும்னா நாலும் கறுப்பாத் திரும்பணும். ரெண்டுக்கு எந்த ரெண்டு வெளுத்தாலும் போதும். அதான் எனக்கே விழுது."

"உனக்குப் பொறாமை" என்றேன்.

மாமா வந்துவிட்டார். சாயங்காலம் காரைக்குடிக்குப் பஸ், அங்கிருந்து ரயில். மூட்டை கட்டிக்கொண்டிருந்த மத்தியானத்தில் கொட்டையை அவள் முன்னால் வைத்தேன்.

"நான் ஜெயிச்சா நீ பம்பாய்க்குப் போகக்கூடாது."

அவள் பெட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"எட்டு எனக்கு" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "எட்டு என்னுது!"

"ஒரே ஒரு ஆட்டத்துக்குக் குடுடா. ரெண்டை நீ வச்சுக்க."

ராஜ்ஜியத்தைப் பறிகொடுத்த முகத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு விழுந்தது. மறுபடி இரண்டு. ஒவ்வொரு தடவையும் என் காயை அவளே அவசரமாக நகர்த்தினாள். நான் பத்தாவது கல்லைத் தொட்டபோது அவள் காய் வைத்த இடத்திலேயே இருந்தது. கூடத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். அவள் எழுந்து மாமாவிடம் போனாள்.

"அப்பா, நான் தோத்துட்டேன். நான் வரலை."

மாமா சிரித்தார். "அடுத்த தடவை ஜெயிக்கலாம்த்தா. பெட்டியை எடு, பஸ்ஸு போயிரும்."

பஸ் கிளம்பியபோது பின்னாலேயே ஓடினேன். "அழுகுணி! தோத்துட்டுப் போறா, அழுகுணி!" நான் அவளுக்குச் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். அவள் ஜன்னலில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். அதற்கப்புறம் அவளோடு நான் எதுவும் ஆடியதில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க அந்தச் சுவரை என்னிடம் விட்டார்கள். மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரிக்கோடுகளை முதன்முறையாக எண்ணினேன். இரண்டின் வரிசை கதவுவரை ஓடியிருந்தது. எட்டுக்கு எண்ண விரல்களே அதிகம். இவ்வளவும் உட்கார்ந்து எண்ணியவள் கடைசி ஆட்டத்தில் போய் எட்டைக் கேட்டாளே, என்னைவிட மக்கு என்று வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே சுண்ணாம்பை அடித்தேன், ஒரு கோடுகூடத் தெரியாமல்.