இருபத்தெட்டு நாள் ‘இல்லை’ சொன்ன ஊசி அக்கா

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களுக்கு அவளுடைய உண்மையான பெயர் தெரியாது. ஊசி அக்கா என்றால்தான் தெரியும். இருபத்திரண்டு வருடமாக அதே மூலை, அதே சுழல் நாற்காலி, ஜன்னலோரத்தில் அதே மைக்ராஸ்கோப். நரம்பே தெரியாத கையிலும் ஒரே குத்தில் ரத்தம் எடுத்துவிடுவாள். கை அப்படி உறுதி. மனசுதான் இளகினது. யாராவது எதிரே வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றால் போதும், "எவ்வளவு வேணும்?" என்று அவளே கேட்டுவிடுவாள். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த சோகக் கதையை யாருமே அவளிடம் முழுசாகச் சொல்லி முடித்ததில்லை. அதில் சிலருக்கு வருத்தம்கூட உண்டு.

நாற்பத்தைந்து வயதில் அவளுக்கு வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்தது. ஒட்டுண்ணி நோய்கள் பற்றி ஒரு வருட முதுநிலைப் படிப்பு. மகள் கல்லூரி விடுமுறையில் பொழுது போகாமல் அம்மா பெயரில் நிரப்பி அனுப்பிய விண்ணப்பம், உதவித்தொகையோடு திரும்பி வந்து நின்றது.

அக்காவின் கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, அடுத்தவர் போகிற போக்கைப் பார்த்துப் பதறாமல் இருந்து பழகியவர். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"ஒட்டுண்ணியப் பத்திப் படிக்க அவ்வளவு தூரம் போகணுமா? நம்ம ரெண்டு பக்கத்துச் சொந்தத்தையும் ஒரு நாள் கூப்பிட்டு உக்கார வச்சாப் போதாதா?" என்றார். பிறகு கடிதத்தைப் பத்திரமாக மடித்துக் கொடுத்து, "போய்ட்டு வா" என்றார்.

விசா ஆலோசனை நிலையத்தில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. அக்காவோடு வந்திருந்த மகளின் முகத்தைப் பார்த்தே கால் மணி நேரம் எல்லாவற்றையும் விளக்கினாள்.

"படிக்கப் போறது நான்தாம்மா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தாள். படிப்புக் கட்டணம் உதவித்தொகையில் போய்விடும். ஆனால் அங்கே தங்கவும் சாப்பிடவும் இவ்வளவு ஆகும் என்று அந்த நாடு ஒரு தொகை வைத்திருக்கிறது. அது அக்காவின் பெயரில் உள்ள கணக்கில் தொடர்ந்து இருபத்தெட்டு நாள் கிடக்க வேண்டும்.

"நடுவுல ஒரு நாள் கொறஞ்சாலும் முதல்லேர்ந்து எண்ணணும் மேடம்."

"எடுத்துட்டு மறுநாளே போட்டுட்டா?"

"முதல்லேர்ந்து."

"கொஞ்சூண்டு கொறஞ்சா?"

"மேடம், இருபத்தெட்டு நாள் அந்தப் பணத்துப் பக்கமே போகாதீங்க. அது இருக்கறதையே மறந்துடுங்க."

வைப்புநிதியை முடித்து, கணவரின் சேமிப்பையும் சேர்த்துப் போட்டதில் தொகை சரியாக வந்தது. சரியாக என்றால் சரியாகத்தான். மேலே ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக் காணும், அவ்வளவே. அக்கா யாரிடமும் விஷயத்தைச் சொல்லவில்லை. இந்த வயதில் புத்தகப் பையா என்று சிரிப்பார்கள். அதுவும் நாத்தனார் காதுக்குப் போனால் சிரிப்போடு நிற்காது.

சொல்லாமல் இருப்பது சுலபம், 'இல்லை' என்பதுதான் கஷ்டம். கணவர் சமையலறையிலேயே பாடம் எடுத்தார். அவரே கடன் கேட்க வந்தவர் மாதிரி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்பார்.

"இப்ப கைல இல்லீங்க" என்பாள் அக்கா. அடுத்த மூச்சிலேயே, "ரொம்ப அவசரமா?" என்று கேட்டுவிடுவாள்.

"அங்கதான் தப்பு. பிரேக்கை அழுத்திட்டு உடனே காலை எடுத்தா வண்டி நிக்குமா?"

பதினெட்டு நாள் வண்டி நின்றது. பத்தொன்பதாம் நாள் பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பு மேசைப் பெண் வந்து நின்றாள். மகனுடைய மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதாம், நாளைக்குப் பரீட்சையாம். அக்காவின் வாய் ஒழுங்காக "கைல இல்லம்மா" என்றது. விரல் அதற்குள் போனில் பணத்தை அனுப்பிவிட்டிருந்தது. அதுவும் சம்பளக் கணக்கிலிருந்து இல்லை. எந்தக் கணக்கை மறந்துவிடச் சொன்னார்களோ அந்தக் கணக்கிலிருந்து.

வரவேற்புப் பெண் மறுநாள் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துவிட்டாள். பிரயோஜனம் இல்லை. "முதல்லேர்ந்து மேடம்" என்றாள் ஆலோசனை நிலையத்துப் பெண், நாள்காட்டியில் விரலை ஓட்டியபடி. "இன்னொரு தடவ தப்பினா இந்த வருஷம் கெடையாது."

அந்த வாரமே நாத்தனார் போன் செய்தார். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறாராம், பணம் கொஞ்சம் இடிக்கிறதாம், ஒரு மாதத்தில் தந்துவிடுவாராம்.

அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். "இல்ல அண்ணி."

"என்னது?" அந்த வீட்டிலிருந்து அந்தச் சொல் வந்து நாத்தனார் கேட்டதே இல்லை.

"இல்ல. நான் படிக்கப் போறேன்."

"யாரு?"

"நான்தான் அண்ணி."

"என்ன படிப்பு?"

"ஒட்டுண்ணி."

போன் வைக்கப்பட்டது. மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் நாத்தனார் வாசலில் நின்றார். கதவைத் திறந்த தம்பியை விலக்கினார். உள்ளே வந்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்க அந்தப் படிப்புக் காயிதம், குடு" என்றார். கடிதத்தையும் வங்கி அறிக்கையையும் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார். அக்கா இருபத்தெட்டு நாள் கணக்கைச் சொல்லிவிட்டு, பரீட்சை எழுதிவிட்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள்.

"எனக்கு டீச்சர் டிரெயினிங் எடம் கெடைச்சுது, தெரியுமா உனக்கு?" என்றார் நாத்தனார், காகிதத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "இருபது வயசுல. அப்ப வீட்ல யாரும் ஒரு வார்த்தை கேக்கல. சரி, அது போகட்டும். எத்தன நாளு? இருபத்தெட்டா? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார் என்றால் சாதாரணப் பார்த்துக்கொள்ளல் இல்லை. அன்று மத்தியானத்துக்குள் இரு தரப்புச் சொந்தத்துக்கும் தகவல் போய்விட்டது: ஊசியிடம் யாரும் பணம் கேட்கக் கூடாது, கேட்க வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள். நாத்தனாரிடம் கேட்கிற தைரியம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. தினமும் காலையில் போன் வரும்: "இன்னிக்கு எத்தனாம் நாளு? விரலை அடக்கி வச்சிருக்கியா?"

வேறு யாருடைய போனும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அக்கா மகளின் போனிலிருந்து தன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தாள். மணி நன்றாகவே அடித்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள். "நலமா இருக்கியா" என்று ஆரம்பித்த அத்தனை அழைப்பும் எதற்காக வந்தவை என்று அப்போதுதான் உறைத்தது. கணவர் வந்து பார்த்தார். தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

இருபத்தெட்டும் முடிந்தது. வீடியோவில் நேர்காணல். நிதி விஷயத்தை அதிகாரி ஒரே நிமிடத்தில் முடித்துவிட்டு, "இத்தனை வருட வேலைக்குப் பிறகு இப்போது ஏன் படிப்பு?" என்று கேட்டார். ஆலோசனை நிலையத்தில் எழுதிக் கொடுத்த பதிலில் 'உலகளாவிய' என்ற சொல் மட்டும் மூன்று முறை வரும். அக்காவுக்கு அந்தச் சொல்லைத் தவிர மற்றதெல்லாம் மறந்துவிட்டது. தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், மெதுவாகச் சொன்னாள்: இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடித் தகட்டைப் பார்த்து, 'கிருமி இருக்கிறது', 'இல்லை' என்று மட்டும் எழுதிக் கொடுத்து வருகிறேன். ஒரே தெருவிலிருந்து ஒரே கிருமியோடு பத்துப் பேர் வருவார்கள். அது எப்படி அங்கே வந்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை, எனக்கும் சொல்லத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும்.

அதிகாரி எதையோ எழுதிக்கொண்டார். நன்றி என்றார். திரை அணைந்தது. நல்லதா கெட்டதா என்று ஒன்றும் புரியவில்லை.

விசா கிடைத்துவிட்டது என்ற குறுஞ்செய்தி, நேர்காணல் முடிந்த மூன்றாவது வாரம் பரிசோதனைக் கூடத்தில் இருக்கும்போது வந்தது. அக்கா ஒரு பெரியவர் கையிலிருந்து அப்போதுதான் ஊசியை உருவிப் பஞ்சை வைத்திருந்தாள். போனை எட்டிப் பார்த்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

பெரியவர் பயந்துபோனார். "என்னம்மா, என் ரத்தம் அவ்வளவு மோசமாவா இருக்கு?"

"உங்க ரிசல்ட் நாளைக்குத்தாங்க. இது என்னோடது" என்றாள் அக்கா. குழாயில் அவர் எண்ணை ஒட்டி, நேரத்தைக் குறித்து வைத்தாள்.

அடுத்த மாதம் கிளம்பினாள். வகுப்பில் இருந்த முப்பது பேரில் அவள்தான் மூத்தவள். பேராசிரியருக்கே அவளைவிட நான்கு வயது குறைவு. முதல் வாரம் நூலகத்துக்குப் போகிறேன் என்று கிளம்பி, வழி தவறி இரண்டு முறை நீச்சல்குளத்துக்குப் போய் நின்றாள். இரண்டாவது வாரம் ஆய்வுக்கூட வகுப்பு. ஆளுக்கொரு தகடு கொடுத்து அதில் ஒட்டுண்ணியைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். பேராசிரியர் விளக்கி முடிப்பதற்குள் அக்கா கையைத் தூக்கிவிட்டாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மைக்ராஸ்கோப்புக்குப் பின்னால் ஒரு வரிசை நின்றது.

"தள்ளி நில்லுங்க, ஒவ்வொருத்தரா வாங்க" என்று தமிழிலேயே சொன்னாள். எல்லோரும் தள்ளி நின்றார்கள்.