பெரியப்பாவா, தாய்மாமனா

2007இல் நான் கடலூரிலிருந்து தினமும் சிதம்பரத்துக்குப் பஸ்ஸில் போய் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். படித்ததைவிடப் பஸ்ஸில் நின்றதுதான் ஜாஸ்தி. ரசாயனக் கம்பெனிகள் வரிசையாக நிற்கும் சிப்காட் பக்கம் வந்ததும் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். நான் பொத்த மாட்டேன். அந்த நாற்றம் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டுக்கே சாப்பிட வரும். அம்மாவின் தம்பி அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்த்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் அவர் சட்டையை விட்டு அது போகாது.

என் படிப்பு முடிந்ததும் தை மாதம் எனக்கும் அவருக்கும் கல்யாணம் என்று அம்மா முடிவு செய்திருந்தாள். அப்பா வழக்கம்போலத் தலையாட்டிவிட்டார். மாமா நல்ல மனுஷர், அதுதான் பெரிய தொல்லை. கெட்டவராக இருந்தால் ஒரே வார்த்தையில் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். என்னைத் தூக்கிச் சுமந்த மாமாவாகத்தான் அவரைப் பார்க்க முடிந்தது, புருஷனாக முடியவில்லை. இதைச் சொல்லக்கூடத் தெம்பில்லாமல் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் வகுப்பில் எனக்கு செமினார் வந்தது. கிரேக்கக் கடவுள்களும் அவர்கள் பிள்ளைகளும் என்பது தலைப்பு. சார்ட் பேப்பரில் குடும்பத்தை வரைந்து கரும்பலகையில் ஒட்டினேன். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய அப்பன் மேலே, தப்பித்த பிள்ளைகள் கீழே. கடைக்குட்டி ஜீயஸ் சொந்த அக்காவையே கட்டிக்கொண்டான் என்றதும் வகுப்பு மொத்தமும் முகம் சுளித்தது. அடுத்து பெர்செஃபனி. அவள் ஜீயஸுக்கும் அவனுடைய இன்னொரு அக்கா டெமீட்டருக்கும் பிறந்த பெண். அவளைத் தேரில் தூக்கிக்கொண்டு போன பாதாள ராஜா, அந்த அக்காவுக்குத் தம்பி, ஜீயஸுக்கு அண்ணன்.

“அப்பாவுக்கு அண்ணன்னா பெரியப்பா. முறையே இல்லியே!” என்றாள் முன்பெஞ்சுக்காரி.

“அம்மாவுக்குத் தம்பி இல்ல? தாய்மாமன்தான். கேட்டா அவுங்களே குடுத்திருப்பாங்க, எதுக்குத் தூக்கினு போவணும்?” என்றான் பின்னாலிருந்து ஒருவன்.

வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. பேராசிரியர் மேசையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு எங்காவது போய்ப் படுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மாமா கூடத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருக்கும் கேட்கிற மாதிரியே அம்மாவிடம் அந்தக் கதையைச் சொன்னேன். பெண்ணைக் காணாமல் டெமீட்டர் ஊர் ஊராகத் தேடி அலைந்ததையும், அவள் துக்கத்தில் பயிர் பச்சையெல்லாம் காய்ந்துபோனதையும் சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாவம், பெத்தவ இல்ல? எந்தப் பாவி தூக்கினு போனான்?”

“அவளோட தம்பிதாம்மா. அந்தப் பொண்ணுக்குத் தாய்மாமன்.”

அம்மாவின் முகம் உடனே தெளிந்தது. “அட, தாய்மாமனா? உரிமப்பட்டவன் தானே. இதுக்கா இந்த அழுவ அழுதா?” என்று மீனைத் திருப்பிப் போட்டாள்.

எனக்கு அழுகைகூட வரவில்லை. இனி பேசிப் பயனில்லை என்று எழுந்தேன். அப்போது மாமா பேப்பரை மடித்து வைத்தார்.

“அந்தப் பொண்ண யாராச்சும் ஒரு வார்த்த கேட்டாங்களாமா?”

“இல்ல மாமா.”

“உன்னையும் யாரும் கேக்கல இல்ல?” என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “நான் கேக்குறேன். சொல்லு.”

“வேணாம் மாமா” என்றேன்.

அவர் தலையை அசைத்தார். “எக்கா, இந்தப் பேச்ச இத்தோட வுட்டுடு” என்று உள்ளே பார்த்துச் சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். சாப்பிட்டுப் போங்க மாமா என்று கூப்பிட்டேன். அவர் நிற்கவில்லை.

அம்மா என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஈரக்கையோடு வாசல்வரை ஓடி, தெருமுனையில் அவர் திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

“எத்தினி எடத்துல கேட்டுட்டேன். சிப்காட்டுன்னதும் பொண்ணு இல்லன்னுட்டாங்க. இனிமே அவனுக்கு யாருடி குடுப்பாங்க?” என்றாள்.

அம்மா எனக்கு மாப்பிள்ளை பார்க்கவே இல்லை. தன் தம்பிக்குத்தான் பெண் பார்த்திருக்கிறாள்.