அந்தோனியாரின் வெறுங்கை

சனிக்கிழமை காலை குரோருட் நிலையத்தில் நாங்கள் நான்கு பேர் சுரங்க ரயில் ஏறினோம். டிக்கெட் மூன்று பேருக்குத்தான். நான்காமவர் அந்தோனியார். ஒன்றரை அடி உயர மரச்சிலை. கம்பளிப் போர்வைக்குள் எட்வேட்டின் மடியில் படுத்திருந்தார். 2008 அக்டோபர், ஒஸ்லோவில் குளிர் தொடங்கிவிட்டது.

எட்வேட் மன்னார்க்காரர். ஒஸ்லோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கை சும்மா இருக்காது. மனைவி ஜெசிந்தா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். அவருடன் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரி ரோசாவின் சிலை இது. பெருவிரல் உடைந்துவிட்டது, ஒட்டித் தர முடியுமா என்று கொடுத்திருந்தாராம். மதுரையிலிருந்து விருந்தாளியாகப் போயிருந்த நான், ஸ்பானியர் ஆண்ட தீவுகளின் மரச்சிலை என்று கேள்விப்பட்டதும் கூடவே ஒட்டிக்கொண்டேன்.

முந்தின மாலை எட்வேட் அங்கியைக் கழற்றிக் காட்டியிருந்தார். தலையும் கைகளும் மார்பும்தான் செதுக்கியவை. இடுப்புக்குக் கீழே உடம்பே இல்லை. மரச்சட்டங்களைக் கூடு போல அடித்து நிறுத்தியிருக்கிறார்கள். கோவில் அலங்காரம் பார்த்து வளர்ந்த எனக்கு அது பெரிதாகப் படவில்லை. முகம்தான் வியப்பு. ஐரோப்பியரான அந்தோனியாருக்கு அந்தத் தச்சன் தன் ஊர்க்காரனின் மூக்கையும் கன்ன எலும்பையும் வைத்துவிட்டான்.

"விரல் மட்டுமில்லை, கையிலை குழந்தை இயேசுவும் இல்லை. எங்கையோ துலைஞ்சு போச்சாக்கும். நான் ஒண்டு செய்து வச்சிட்டன்," என்றார் எட்வேட். பிர்ச் மரத்தில் உள்ளங்கையளவு குழந்தை. முளை அடித்து, பசை தடவி உட்கார்த்தியிருந்தார். ரோசா பார்த்ததும் மகிழட்டும் என்று முன்கூட்டிச் சொல்லவில்லை.

கடைசி நிலையம் வெஸ்ட்லி. ஏழாம் மாடியில் ரோசா காப்பி ஊற்றிக் கொடுத்தார். போர்வை விலகியது. சிலையின் கையைப் பார்த்தவர் முகம் செத்துவிட்டது. நோர்வேஜிய மொழியில் படபடவென்று பேசிவிட்டு, உள்ளே போய் ஒரு தகர டப்பாவைத் தூக்கிவந்தார். அரிசிக்கு நடுவே, காலுறையில் சுற்றிய பழைய மரக்குழந்தை.

விஷயத்தை ஜெசிந்தா எனக்குச் சொன்னார். ரோசாவின் மகன் கப்பலில் சமையல்காரன். இரண்டு மாதமாகச் செய்தி இல்லை. காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் அந்தோனியார். ஆனால் ரோசாவின் ஊரில் வெறுமனே கெஞ்சுவதில்லை. அவர் கையிலிருக்கும் குழந்தையை எடுத்து ஒளித்துவிடுவார்கள். என் பிள்ளையைக் கொடு, உன் பிள்ளையைத் தருகிறேன் என்று பேச்சு. இப்போது எட்வேட் புதுப் பிள்ளையைக் கொடுத்துவிட்டார். அந்தோனியாருக்கு இனி என்ன அவசரம்?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மழை பொய்த்தால் பிள்ளையாரைத் தண்ணீரில் மூழ்கடித்து, பெய்தால்தான் விடுவோம் என்று நிற்கிற சீமையிலிருந்து வந்தவன் நான்.

எட்வேட் பையிலிருந்து சின்ன ரம்பத்தை எடுத்து முளையை அறுத்தார். பழைய கையில் ஒரு கீறல்கூட விழவில்லை. ரோசா அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பிர்ச் குழந்தை மட்டும் மேசைமேல் மிஞ்சிக் கிடந்தது. ஜெசிந்தா அதைக் கையில் எடுத்தார், கீழே வைக்கவில்லை.

"வன்னியிலை என்ரை தம்பி இருக்கிறான். பங்குனிக்குப் பிறகு ஒரு கதையும் இல்லை," என்று என்னிடம் சொன்னார். பிறகு அதையே ரோசாவுக்கு நோர்வேஜிய மொழியில் சொன்னார். ஒரே இடத்தில் வேலை செய்யும் இருவரும் இதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. ரோசா எழுந்து வந்து, ஜெசிந்தாவின் விரல்களை அந்தக் குழந்தையின் மேல் மடக்கிவிட்டு ஏதோ சொன்னார்.

"இதுவும் அந்தோனியாரின்ரை பிள்ளைதானாம். என்னை வச்சிருக்கச் சொல்லுறா."

ஜெசிந்தா சிலைக்கு முன்னால் போய் நின்றார். "ரெண்டு பிள்ளையும் எங்களிட்டை. ரோசாவின்ரை மகனையும் என்ரை தம்பியையும் தந்திட்டு வந்து வாங்கும்," என்றார், கடன்காரரிடம் சொல்வது போல.

ஞாயிறு நான் புறப்படும் நாள். சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார் ஜெசிந்தா. அரிசிப் பானையைத் திறந்தவர், உள்ளே கைவிட்டு எதையோ ஓரமாக ஒதுக்கிவிட்டு அரிசியை அள்ளினார். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு ஒரு மழை பெய்தால் விடுதலை. இந்த இரண்டு பெண்களும் இன்னும் எத்தனை நாள் இப்படி ஒதுக்கி ஒதுக்கி அரிசி அள்ள வேண்டுமோ என்று நினைத்தபோது, எனக்கே அந்தோனியார்மேல் கோபம் வந்தது.