ஏழு படங்களும் ஓர் அம்பும்

இடது கண்ணை மூடிக்கொண்டுதான் ராமபத்ரன் சாயா குடிக்கிறார். மட்டாஞ்சேரி படகுத்துறைக் கடையில் புதிதாக உட்காருகிறவர்கள், கண்ணில் தூசி விழுந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். "தூசியொண்ணும் இல்லை. மூணு வருஷமா மைக்ராஸ்கோப்பிலே பாத்துப் பாத்து இப்பிடி ஆயிடுத்து. வட்டமா எதைக் கண்டாலும் ஒரு கண்ணு தானே மூடிக்கறது" என்பார்.

மிளகு, சுக்கு மூட்டைகளின் மேல் கம்பெனிப் பெயரையும் போய்ச்சேரும் துறைமுகத்தையும் அடிக்கத் தகடு வெட்டுவது அவர் தொழில். துத்தநாகத் தகட்டில் எழுத்தைக் கீறி, சிறு உளியால் துளைத்து எடுப்பார். அந்த எழுத்துகளை அழகானவை என்று சொல்லமாட்டேன், கோணல் இல்லாதவை. கடைப் பலகையில் ஓர் எழுத்து சாய்ந்திருந்தால் உள்ளே போய்ச் சொல்லிவிட்டுத்தான் மேலே நடப்பார். இதனால் இரண்டு ஜவுளிக்கடைகளில் அவருக்கு வரவேற்பில்லை.

எர்ணாகுளத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் கமலாக்ஷி டீச்சர், துறையில் அடுக்கியிருந்த மூட்டைகளைப் பார்த்துத்தான் அவரைத் தேடி வந்தார். மலையாள எல்லைச் சித்தூர்க்காரர், தமிழ் சரளமாக வரும். ஆராய்ச்சிக்குப் படம் வரைய அவருக்கு ஒரு கை வேண்டியிருந்தது. டீச்சருடைய வேலை தற்காலிகமானது. 1963 மார்ச்சுக்குள் ஆராய்ச்சி நூலைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பாவிட்டால் அந்த வேலை கையைவிட்டுப் போய்விடும்.

ஆராய்ச்சி, குளத்துப் பாசி ஒன்றைப் பற்றியது. ஒற்றை உயிரணுதான் அதன் முழு உடம்பு. உள்ளே கிண்ணம்போல ஒரே ஒரு பச்சைத் துணுக்கு. வெளிச்சத்தைக்கொண்டு உணவு தயாரிப்பது அது. புத்தகத்தில் அதன் பெயர் குளோரோபிளாஸ்ட், ராமபத்ரனுக்கு வெறும் 'பச்சை'. உயிரணு இரண்டாகும்போது பச்சையும் இரண்டாக வேண்டும். இல்லாவிட்டால் பிறக்கும் இரண்டில் ஒன்றுக்குப் பட்டினிதான். இரண்டு பிரிவினைகளும் தவறாமல் ஒத்துப்போவது எப்படி என்பது டீச்சரின் கேள்வி.

சனிக்கிழமைதோறும் படகேறிப் போய் ராமபத்ரன் ஏழு படங்கள் வரைந்தார். முழுப் பச்சையில் தொடங்கி இரண்டு உயிரணுக்களில் முடியும் வரிசை. வரைந்து முடித்தபின்தான் சந்தேகம் வந்தது.

"டீச்சர், இது ஒரு ஆளோட ஏழு படமா, ஏழு ஆளோட ஏழு படமா?"

"ஏழு ஆள்தான் ஸ்வாமி. உள்ளே தெரியச் சாயம் போட்டா செத்துப்போகுமே."

"அப்போ இவன் முன்னாடி, இவன் பின்னாடின்னு வரிசை வெச்சது யாரு?"

"நான்தான்" என்றார் டீச்சர்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஒரே பாசியை உயிரோடு பார்ப்பதற்காகப் புட்டிகளைப் பகலில் அலமாரி இருட்டிலும் இரவில் விளக்கடியிலும் வைத்துப் பழக்கினார். இருட்டில் பிரியும் பாசி, பகலில் பிரியத் தொடங்கியது. சொட்டு நீர் உலராதபடி கண்ணாடியின் விளிம்பை வாஸ்லின் பூசி அடைத்து, உயிருள்ள ஒன்றின்மேல் ராமபத்ரன் கண்ணை வைத்தார். இரண்டு சனிக்கிழமைகள் விளக்குச் சூட்டில் வீணாயின. மூன்றாவது சனிக்கிழமை பச்சை நடுவில் ஒடுங்கி இரண்டானது. அதன்பிறகே உயிரணு பிரிந்தது. டீச்சரின் வரிசை சரிதான்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அதே நீரில் இடுப்பு சிறுத்த வேறொரு பாசி இருந்தது. அதன் இரு பாதிகளிலும் பச்சை உண்டு. அது முதலில் இடுப்பில் பிரிந்தது. ஆளுக்கொரு பாதியாகப் போனபின் புதுப் பாதி முளைத்து, அதற்குள் பச்சை மெல்லப் பரவியது.

"இங்கே பச்சை முன்னாடி, அங்கே ஆள் முன்னாடி. யாரு யாருக்குச் சொல்லறா?" என்று அன்று மாலை தன் வீட்டுத் திண்ணையில் என்னிடம் கேட்டார். அவரே தொடர்ந்தார். "அண்ணாவும் நானும் பிரிஞ்சப்போ முதல்ல அடுப்பாக்கும் ரெண்டாச்சு. சுவர் பின்னாடி. அதுக்காக அடுப்பு கூப்பிட்டுத்தான் கொத்தன் வந்தான்னு சொல்ல முடியுமோ?"

"அடுப்பொண்ணும் கூப்பிடல்லை, உங்க மன்னியாக்கும் கூப்பிட்டா" என்றார் உள்ளேயிருந்து அவர் மனைவி நீலாம்பாள்.

ராமபத்ரன் சிரிக்கவில்லை. "அப்போ அடுப்புக்கும் சுவருக்கும் சேத்து மூணாவதா ஒரு ஆளோ!" என்று தலையைப் பிடித்துக்கொண்டார்.

முன்னால் வருவதே பின்னால் வருவதை உண்டாக்குகிறது என்று கொள்ளலாமா என்பது பற்றித் தடித்த நூல்கள் உண்டு. அவர் அவற்றைப் படித்ததில்லை. படித்தவர்கள் அவரைவிடத் தெளிவாக இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் படத்தை வாங்க ராமபத்ரன் வீட்டுக்கு வந்தார். மறுநாள் காலை நூல் பைண்டிங்குக்குப் போக வேண்டும். பலகையில் குத்திய தாளில் ஏழு படங்களும் எண்களும் மையில் இருந்தன. மூன்றாம் படத்தின் பச்சையிலிருந்து நான்காம் படத்தின் உயிரணுவுக்குப் போகும் அம்புக்குறி மட்டும் பென்சிலில் இருந்தது. உயிரணு பிரிய உத்தரவு தருவது பச்சையே என்பதற்கு அடையாளம் அது. நூலை மதிப்பிடும் சென்னைப் பேராசிரியர் போடச் சொன்னது.

"ஸ்வாமி, அம்பு ஏன் பென்சில்லயே நிக்கறது?"

"கண்ணால கண்டதெல்லாம் போட்டாச்சு டீச்சர். அம்பை நான் காணல்லை."

"அம்பு யாரு கண்ணுக்கும் காணாது. அது இல்லைன்னா இது வெறும் ஏழு படம். புரொஃபசர் திருப்பி அனுப்பிடுவார். என் வேலை போகும்."

"தெரியும். ரெண்டு நாளா உறக்கமே இல்லை. நீங்க சொல்லறது சரியாத்தான் இருக்கும். தப்புன்னு சொல்ல நான் யாரு? எனக்கு மனசிலாகல்லை, அவ்வளவுதான். மனசிலாகாததைக் கை போடமாட்டேங்கறது."

டீச்சர் பலகையின் பக்கம் குனிந்தார். "அந்த இடுப்பு சிறுத்தது..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு கையை நீட்டினார்.

ராமபத்ரன் பேனா முனையைத் துடைத்து, மையில் தோய்த்து, கைப்பிடியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்தார். டீச்சர் வரைந்தார். கோடு நடுவில் கொஞ்சம் கோணி, முனையில் தடித்து நின்றது. படகுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் பலகையைத் துணியில் சுற்றப் போனார்.

"நில்லுங்கோ" என்றார் ராமபத்ரன். தரையில் முழங்காலிட்டுப் பலகையை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, அந்த அம்பு கலையாமல் காயும்வரை மெல்ல ஊதிக்கொண்டிருந்தார்.