மட்டை பிடித்த தாத்தா

பத்து வயதில் என் தாத்தாவை வீடியோ கேம் கேசட்டுக்கு மாற்றிக்கொண்ட முட்டாள் நான். நேற்று ஃபிரிஸ்கோவில் ஒரு பழம்பொருள் கடையில் மீசைக்கார பேஸ்பால் வீரரின் பழுப்பேறிய படத்தைக் கண்டதும் கண் கலங்கிவிட்டது.

அப்போது இர்விங்கில் இருந்தோம். ஊரில் தாத்தா இறந்தபோது, கிரீன் கார்டு வராததால் அப்பாவால் போக முடியவில்லை. தாத்தாவுக்கு ஒரு படம்கூடக் கிடையாது. ஒரு வீட்டு வாசலில் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் அப்பா இதுபோன்ற ஒரு படத்தைப் பார்த்து, "எங்கப்பா மீசையேதான்டி," என்றார் அம்மாவிடம். சந்தனப்பொட்டு வைத்து ஹாலில் மாட்டி, தினமும் கும்பிட்டார்.

பொட்டைத் துடைத்து, பள்ளியில் பேஸ்பால் படங்கள் சேர்க்கும் ஒரு பையனிடம் நான் அதைக் கைமாற்றினேன். அப்பா திட்டவில்லை. மறுநாள் வெறும் ஆணியைக் கும்பிட்டுவிட்டு ஆபீஸ் போனார்.

கடைப் படத்தை அவருக்கு அனுப்பிவிட்டு போன் செய்தேன்.

"அப்பா, தாத்தா கிடைச்சுட்டாரு!"

"இது வேற யாரோடா."