டாக்டரின் பாதிச் சாவி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் சாவியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஒரு இரும்புச் சாவிகூடக் கிடையாது. இரண்டாம் மாடியில், லிஃப்டுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத அறையில் ஒரு கம்ப்யூட்டர். அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம். தலைமை ஆஸ்பத்திரியும் அதன் கீழுள்ள நாற்பது சின்ன ஆஸ்பத்திரிகளும் நோயாளிகளைப் பற்றி எழுதிக்கொள்ளும் கடிதங்களுக்குப் பூட்டும் சாவியும் அங்கிருந்துதான் போகும். பதினெட்டு வருஷம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த வேலை.

முன்பெல்லாம் ‘இவர் இன்னார்தான்’ என்று ஒவ்வொரு டாக்டருக்கும் கம்ப்யூட்டரிலேயே ஒரு சான்றிதழ் உண்டு. பிறகு, குவாண்டம் கம்ப்யூட்டர் வரப்போகிறது, இன்றைய பூட்டையெல்லாம் உடைத்துவிடும், அந்த நாளுக்காக இப்போதே கடிதங்களைத் திருடிச் சேர்த்துவைக்கிறார்கள் என்றார்கள். புதுப் பூட்டு வந்தது. அதற்கான சான்றிதழ் ஊதிப் பெருத்து, சின்ன ஆஸ்பத்திரிகளின் நோஞ்சான் இணைப்பில் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டது. சான்றிதழே வேண்டாம் என்று தூக்கிப்போட்டார்கள். இனி சாவி இரண்டு பாதி. ஒரு பாதியை டாக்டரின் பெயரை வைத்துச் சாவியம்மா உண்டாக்கித் தருவாள். மறு பாதியை டாக்டர் தன் கருவியில் தானே உண்டாக்கிக்கொள்ள வேண்டும், ஒருவருக்கும் காட்டக் கூடாது. இரண்டும் சேர்ந்தால்தான் கடிதம் திறக்கும். ஆக, நாளைக்கு ஏதாவது வெளியே போனால் சாவியம்மாவை யாரும் கைகாட்ட முடியாது. அவளைக் காப்பாற்றத்தான் அந்த ஏற்பாடு. பாவி மகளுக்கு அது உறைக்கவில்லை.

அவளுடைய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். ஊழியரின் உறவு என்ற சலுகையில் கீழ்த்தள வார்டில் ஒரு படுக்கை கிடைத்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த வார்டில் பெரிய டாக்டர் வைத்ததுதான் சட்டம். அவர் ஒருநாள் தன் டேப்லட்டை அவள் மேஜையில் போட்டார்.

“என்னோட பாதியையும் நீங்களே போட்டுடுங்கம்மா. எனக்கு எங்க நேரம்?”

“சார், அத நீங்கதான் செய்யணும். நான் பாக்கவே கூடாது.”

“அக்கா எப்படி இருக்காங்க?” என்றார் அவர், சிரித்துக்கொண்டே.

அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை அந்த மனுஷன். பேச வேண்டியதும் இல்லை. அவள் அவருடைய பாதியைத் தன் கம்ப்யூட்டரிலேயே உண்டாக்கி டேப்லட்டில் ஏற்றிக் கொடுத்தாள். எந்தப் பாதி எந்தக் கருவியில் பிறந்தது என்று அந்தக் கம்ப்யூட்டர் நாள், மணி, நிமிஷத்தோடு குறித்துவைத்துக்கொண்டது.

எட்டு மாதம் கழித்து, ஊரறிந்த ஒரு பெரிய மனிதரின் சிறுநீரகம் செத்துவிட்டது என்று பெரிய டாக்டர் எழுதிய கடிதம் வரிக்கு வரி பத்திரிகையில் வந்தது. டாக்டரின் டேப்லட் தினமும் கேன்டீன் மேஜையில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், போகிறவன் வருகிறவன் எல்லாம் எட்டிப்பார்ப்பான். ஆஸ்பத்திரிக்கே தெரிந்த சங்கதி. விசாரணையில் ஒருவராவது வாயைத் திறக்க வேண்டுமே! எல்லாரும் உத்தமர்கள். கம்ப்யூட்டரின் குறிப்பைப் பார்த்தார்கள், டாக்டர் சாவியின் இரண்டு பாதியும் சாவியம்மாவின் அறையிலேயே பிறந்திருந்தன. முடிந்தது கதை.

மறுநாள் காலை பெரிய டாக்டர் அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

“நான் சொல்லித்தான் செஞ்சீங்கன்னு சொன்னா என் மானம் போகும். நீங்களா இஷ்டப்பட்டு செஞ்சதா எழுதிக் குடுத்துடுங்க. எப்படியும் உங்க வேல போயிடும், அது கூடவே சலுகைப் படுக்கையும் போயிடும். ஆனா டாக்டருங்க சிபாரிசுல தர்ற ஒரு படுக்கை என் கையில இருக்கு. அக்காவ நான் பாத்துக்கறேன்.”

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் இரண்டு நாள் டயாலிசிஸ் தவறினால் அக்காவின் முகம் எப்படி வீங்கும், மூச்சு எப்படி இரைக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஆத்திரத்தை விழுங்கிவிட்டு எழுதிக் கொடுத்தாள். மாலைக்குள் அவளை வேலையிலிருந்து துரத்தினார்கள். போலீசுக்குப் போகாமல் விட்டதே பெரிய தயவாம்.

திங்கட்கிழமை அக்காவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனாள். பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டு அக்காவின் ஃபைலைத் திருப்பி நீட்டினாள். பெரிய டாக்டர் அந்தப் பக்கமாக வந்தார்.

“சார், நீங்க சொன்னீங்களே...”

“நானா? என்ன சொன்னேன்? எழுத்துல ஏதாவது இருக்காம்மா?” என்று நிதானமாகக் கேட்டார். பிறகு நர்ஸிடம், “வெளியாளுங்கள வார்டுக்குள்ள விடாதீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார்.

வெளியே பெஞ்சில் அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நடந்ததை எல்லாம் அப்போதுதான் தங்கை சொன்னாள். அடுத்த ஆஸ்பத்திரியில் நாலு மாதம் காத்திருக்க வேண்டும் என்பதையும் சொன்னாள்.

“எதுக்குடி எழுதிக் குடுத்த?”

“உனக்காகத்தான்க்கா.”

“மூணு வருஷமா அந்த வார்டுல படுத்துக் கெடந்தவ நான். அந்த ஆளு யார் யார்கிட்ட நான் பாத்துக்கறேன்னு சொன்னாரோ, அவங்க படுக்கையெல்லாம் அடுத்த வாரமே காலி. நான் கண்ணால பாத்தவ. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

தங்கை குனிந்து அவள் செருப்பின் வாரைத் தளர்த்தினாள். அக்காவின் கணுக்கால் அதற்குள் வீங்க ஆரம்பித்திருந்தது.